அவினாசியப்பன் இரண்டாவது டிஸ்க்குக்கு வரன் பார்த்தது

கோயமுத்தூர் காந்திபுரத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மரகதம் இருந்தாள். லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிறவர்களுக்கு முதல் ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கும், பேச்சு வராது. அந்த ஐந்து நிமிஷத்திலேயே பாதிப் பேருக்கு ஞானம் வந்துவிடுகிறது என்று கீழே டீக்கடையில் சொல்வார்கள்.

செத்துப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தருவது அவள் தொழில். வயது முப்பத்தைந்து. அவளிடம் யாரும் சிரித்துக்கொண்டு வந்ததில்லை. வந்தவர்களிடம் அவளும் புத்தி சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். வயது அறுபத்து நான்கு. பெயர் அவினாசியப்பன். சூலூர்க்காரர், கல்யாணத் தரகர்.

சீடர் ஆன கதை சின்னது. முப்பத்தெட்டு வருஷமாக அவர் நோட்டுகளில் சேர்த்து வைத்திருந்த ஜாதகங்களைக் கரையான் அரிக்க ஆரம்பித்தது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஜாதகம். நான்கு மாதம் கழித்து கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. மரகதம் பதினோரு நாள் உட்கார்ந்து அத்தனையையும் மீட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட அன்று அவர் காலில் விழப் போனார். அவள் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று அவளும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

தை மாதம் அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்துக் கொடுத்தாள். வீட்டு வைஃபையோடு சேர்ந்து ஓடுகிற பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க் போட இடம். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும்.

“ஒரு டிஸ்க் நான் போட்டுட்டேன். ஜாதகமெல்லாம் அதுல ஏத்தியாச்சு. இன்னொண்ணு நீங்க வாங்கிப் போட்டுருங்க” என்றாள்.

“எதுங்க வாங்கறது?”

“ஏதாவது ஒண்ணு.”

ஏதாவது ஒண்ணு என்பது அவினாசியப்பனின் தொழிலிலேயே கிடையாது.

மாசி மாதம் படியேறி வந்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, கக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. மூச்சு வாங்கி முடிந்ததும் நோட்டைத் திறந்தார். டிஸ்க்குக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த நாடு, வயது, நிறம், எடை, வேகம். கடைசியில் எதிர்பார்ப்பு என்று ஒரு கட்டம் போட்டு, அதை மட்டும் காலியாக விட்டிருந்தார். டிஸ்க்குக்கு எதிர்பார்ப்பு எதுவும் இருக்காது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

“இதைப் பாருங்க குருவே. பதினாறு டெராவுங்க. நம்முளுது நாலு டெரா.”

“அவ்வளவு எதுக்கு?”

“பெரிய எடமுங்க. பெரிய எடமா இருந்தா நல்லதுதானுங்களே. நாளைக்கு ஒரு கஷ்டமுன்னா தாங்கும்.”

மரகதம் ஃப்ளாஸ்க்கை எடுத்தாள். ஒரு சின்ன டம்ளர், ஒரு பெரிய செம்பு, இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். டம்ளரில் விளிம்பு வரை டீ ஊற்றினாள். அதே அளவு டீயைச் செம்பில் ஊற்றிவிட்டு ஃப்ளாஸ்க்கை மூடினாள். செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவினாசியப்பன் எட்டிப் பார்த்தார். “டீ அடியிலதானுங்க கெடக்குது.”

“டம்ளர் கொள்ற அளவுதான் செம்புலயும் ஊத்துவேன்.”

“மிச்ச எடம்?”

“சும்மா கெடக்கும்.”

அவர் யோசித்தார். பெரிய இடம் பெரிய இடம் என்று சம்பந்தம் பண்ணி, சீராக வந்த கட்டிலைப் போட வீட்டில் இடமில்லாமல் தறிக்கொட்டகையில் போட்ட மூன்று குடும்பங்கள் அவருக்குத் தெரியும். அதில் இரண்டு அவரே முடித்து வைத்தது. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். பிறகு செம்பைத் தூக்கி, அடியில் கிடந்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

பங்குனியில் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. நோட்டு இல்லை. மஞ்சள் பையிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்தார்.

“அமைஞ்சிருச்சுங்க குருவே. இப்படி ஒரு ஜோடி என் சர்வீஸ்ல பாத்ததில்லீங்க. நீங்க வாங்கிப் போட்ட அதே கம்பெனி. அதே மாடலு. அதே நெறம். தை மாசம் நீங்க எடுத்தீங்களே, அதே அட்டைப் பெட்டியில இது ஒண்ணுதான் மிச்சம் கெடந்துச்சுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. நம்பருகூட அடுத்த நம்பரு.”

மரகதம் டிஸ்க்கைத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். செல்போனில் பழைய டிஸ்க்கின் படம் இருந்தது, அதையும் பார்த்தாள்.

“தரகரய்யா, நீங்க என்ன கூட்டம்?”

கொங்கு நாட்டில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் பங்காளிகள். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள்.

“காடை கூட்டமுங்க.”

“காடை கூட்டத்துப் பையனுக்குக் காடை கூட்டத்துல பொண்ணு பார்ப்பீங்களா?”

அவினாசியப்பன் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். “அண்ணன் தங்கச்சி மொறையாகுமுங்க. கேக்கறதே பாவமுங்க.”

மரகதம் டிஸ்க்கையும் செல்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “ரெண்டும் ஒரே ஊர். ஒரே நாள். ஒரே வரிசையில செஞ்சது. ஒண்ணுல என்ன கோளாறு இருக்கோ அது இன்னொண்ணுலயும் இருக்கும். படுத்தா ஒரே வாரத்துல ரெண்டும் படுத்துக்கும்.”

அவர் அந்த இரண்டு எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். எத்தனையோ சம்பந்தத்தை முதல் கேள்வியிலேயே நிறுத்தியவர், இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். டிஸ்க்கைத் தொடாமல், பையைக் கவிழ்த்து அதன்மேல் மூடி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கடையில் திருப்பிக் கொடுத்தபோது காரணம் கேட்டார்கள்.

“ரெண்டும் பங்காளிங்க” என்றார்.

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில், வாடிக்கையாளர் வீட்டில் குடும்பப் பிரச்சினை என்று அடித்து வைத்தார்.

இதற்குப் பிறகு அவினாசியப்பனுக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. சித்திரை முழுக்க விசாரித்தார். இன்டர்நெட்டில் டிஸ்க் வாங்கினவர்கள் கீழே எழுதி வைக்கிற கருத்துகளை ஒன்று விடாமல் பேரனைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டார். வைகாசியில் வந்தபோது நோட்டில் அறுநூறு கருத்துகள் இருந்தன. மூச்சு வாங்கி முடிவதற்குள்ளேயே ஆரம்பித்தார்.

“ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சுங்க குருவே. தாய்லாந்துல செஞ்சது. சாம்பல் நெறம். அடக்கமா ஓடுதாம், சத்தமே இல்லியாம். எல்லாரும் நல்லபடியாத்தான் எழுதியிருக்காங்க. ஜெய்ப்பூர்ல ஒருத்தரு மட்டும் நாப்பதே நாள்ல செத்துப்போச்சுன்னு எழுதியிருக்காரு.”

“யாரு அவரு?”

“பேரு போடலீங்க.”

“மொட்டைக் கடுதாசி.”

“ஆமாங்க. ஆனாலும் நெருப்பில்லாம எழுதுவாங்களா?”

மரகதம் பதில் சொல்வதற்குள் அவர் செல்போன் அடித்தது. பொங்கலூரிலிருந்து ஒரு அம்மா. அவருடைய மகளுக்கு ஏழு வருஷமாக வரன் பார்க்கிறார் அவினாசியப்பன். மூச்சு வாங்குகிற நேரத்தில் போனைக் காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

“தரகரே, அந்தப் பல்லடத்துப் பையன் வேண்டாமுங்க. பையனோட சித்தப்பாவுக்குக் கோபம் எச்சுன்னு யாரோ லெட்டர் போட்டிருக்காங்க.”

“யாருங்க போட்டது?”

“பேரில்லீங்க.”

அவினாசியப்பன் எழுந்து நின்றுகொண்டார். “அம்மா, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. பேரு போட யோக்கியதை இல்லாதவன் எழுதினதைப் படிச்சுட்டு இது இருபத்தேழாவது எடத்தை வேண்டாங்கறீங்க. கொறையே இல்லாத பையன் வேணுமுன்னா சாமி படத்துலதானுங்க பாக்கோணும். உங்க மகளுக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு. நீங்க பாத்துட்டே இருங்க, அவ காத்துட்டே இருக்கட்டும். சித்தப்பாவையா கட்டிக்கப் போறா?”

போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

“என்ன ஜனங்களோ தெரியல குருவே” என்றார். “எங்க விட்டோம்? ஆங், ஜெய்ப்பூர்க்காரரு. அதனால அந்தத் தாய்லாந்தையும் கழிச்சுட்டனுங்க.”

மரகதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. போயிட்டு வாங்க” என்றாள்.

ஆனியும் போயிற்று. ஆடி பிறந்தது. ஆடியில் தமிழ்நாட்டில் யாரும் பெண் பார்ப்பதில்லை, நிச்சயம் பண்ணுவதில்லை. கல்யாணத் தரகருக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே லீவு அது. அவினாசியப்பன் ஆடி பத்தொன்பதாம் தேதி நிதானமாகப் படியேறி வந்தார். பஞ்சாங்கம் கொண்டுவந்திருந்தார்.

“மூணு எடத்தை முடிவுல வெச்சிருக்கறனுங்க. ஆடி போயிரட்டும். ஆவணி நாலு மொத முகூர்த்தம், பதினொண்ணு ரெண்டாவது. டிஸ்க் வாங்கிப் போடறதுக்கு எது நல்ல நாளுன்னு உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமுன்னு வந்தனுங்க.”

“இருக்கிற டிஸ்க் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குதுங்க. கொஞ்சம் பேசுது.”

“என்ன பேசுது?”

“டிக்கு டிக்குங்குதுங்க. ஆடி ரெண்டாந்தேதியிலிருந்து. அடியில ஒரு துண்டை நாலா மடிச்சு வெச்சனுங்க. இப்பச் சத்தம் பரவால்ல.”

மரகதம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவர் பேசும்போது அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“வீட்டுக்குப் போன் போடுங்க. பெட்டியை அணைக்கச் சொல்லுங்க. இப்பவே.”

அவர் ஸ்பீக்கரில் போட்டார். மனைவி ராமாத்தாள் எடுத்தார்.

“அதைக் காத்தாலயே அணைச்சுப் போட்டேன்” என்றார் ராமாத்தாள். “நான் எதைச் சொன்னாலும் பல்லி சொல்றாப்புல டிக்குங்குது. நல்ல சகுனமுன்னு ரெண்டு வாரமா சந்தோசமா இருந்தேன். இன்னைக்கு உங்க தங்கச்சி வந்து ஒரு மாசம் தங்கப் போறேன்னு சொன்னா. அதுக்கும் டிக்குன்னுச்சு. புடுங்கிப் போட்டேன்.”

“உங்க வீட்டுல விவரமான ஆள் இருக்காங்க” என்றாள் மரகதம். “நாளைக்குக் காலையில டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டு வாங்க. பஸ்ஸுல மடியில வெச்சுக்கங்க.”

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். டிஸ்க்கைக் குழந்தையைப்போலத் துண்டில் சுற்றியிருந்தார். அன்றைக்கு நோட்டும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

மரகதம் டிஸ்க்கைத் தன் மிஷினில் மாட்டி ஓடவிட்டாள். மேஜை டிராயரிலிருந்து டாக்டர்கள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் ஒன்றை எடுத்து டிஸ்க்கின்மேல் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு உடனே நிறுத்தினாள்.

“பெட்டியில ஜோடி சேர்த்துப் போட்டா இது தாங்காது. நேரா இங்கயே ஒரு நகல் எடுத்துரணும். காலி டிஸ்க் ஒண்ணு வேணும்.”

“இன்னைக்கா? இன்னைக்கு ஆடிச் செவ்வாய்ங்க குருவே. ஆவணி நாலு வரைக்கும்...”

மரகதம் மறுபடியும் டிஸ்க்கை ஓடவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டினாள்.

அவினாசியப்பன் கேட்டார். இரண்டு டிக். கொஞ்சம் மௌனம். பிறகு எதையோ தரையில் இழுக்கிற சத்தம். திரும்பவும் இரண்டு டிக். மௌனம் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக இருந்தது.

“ஆவணி நாலு வரைக்கும் இருக்குமா?” என்று மரகதம் கேட்டாள்.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இருக்காதுங்க.”

மரகதம் கீழ் டிராயரைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் கிடந்த ஒரு டிஸ்க்கை எடுத்தாள். யாரோ நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுப்போனது. நான்கு டெரா. சாம்பல் நிறம்.

அவினாசியப்பன் அதன் அடிச்சீட்டை எட்டிப் படித்தார்.

“தாய்லாந்துங்க” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“எப்பச் செஞ்சது?”

“சீட்டு அந்த இடத்துல கிழிஞ்சிருக்கு. தெரியல.”

“அட்டைப் பெட்டி, கேரண்டிக் கார்டு ஏதாச்சும்...”

“ஒண்ணும் இல்ல.”

“ஜாதகமே இல்லீங்களா?”

மரகதம் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜாதகம் இல்லாத இடத்தில் அவர் இதுவரை கை வைத்ததில்லை. அறுநூறு கருத்துகளும் அவர் தலைக்குள் ஓடின. ஜெய்ப்பூர்க்காரர் தனியாக வந்து நின்றார். மேஜைமேல் பழைய டிஸ்க் இழுத்துக்கொண்டு கிடந்தது.

“மாட்டுங்க” என்றார்.

ஒன்பது நாற்பதுக்கு நகல் தொடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு, எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்ந்தது. பழைய டிஸ்க்கின்மேல் மரகதம் ஒரு சின்ன விசிறியைத் திருப்பி வைத்தாள். அவினாசியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து கோட்டையே பார்த்தார். டீ வந்தது, குடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு மேல் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“ஜாதகம் போனாப் போகுதுங்க குருவே. பிறந்த நேரம் சொன்னா எந்த ஜோசியரும் மறுபடி எழுதித் தருவாரு. ஒவ்வொரு ஜாதகத்துக்கும் பின்னால நான் பென்சில்ல குறிப்பு எழுதி வெச்சிருக்கறனுங்க. ஸ்கேன்ல அதுவும் சேந்து வந்துச்சு, அதுதான் வேற எங்கயும் இல்ல.”

“என்ன குறிப்பு?”

“கருமத்தம்பட்டியில பூரணின்னு ஒரு பொண்ணுங்க. டீச்சரு. சிரிச்சா கையால வாயை மூடிக்கும். பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சின்ன வயசுல எவனோ என்னமோ சொல்லியிருக்கான். கையை எடுத்துட்டுச் சிரிம்மான்னு சொல்ற மாதிரி ஒரு பையன் கெடைக்கோணும், அவசரப்படக் கூடாதுன்னு எழுதி வெச்சனுங்க. இதை எந்தக் கட்டத்துல எழுதறது? எந்த மேட்ரிமோனியில இதைக் கேக்கறாங்க?”

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இது போச்சுன்னா முப்பத்தெட்டு வருசமா நான் ஊடு ஊடா டீ குடிச்சுட்டு வந்ததுதான் மிச்சமுங்க.”

மரகதம் விசிறியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

ஒரு மணிக்குக் கோடு பாதியைத் தாண்டியது. இரண்டரை மணிக்கு நின்றது. பழைய டிஸ்க் டிக் டிக் என்று ஏழெட்டுத் தடவை அடித்துக்கொண்டது. அவினாசியப்பன் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் உள்ளே சண்டை நடந்தால் அவர் அப்படித்தான் நிற்பார். மரகதம் எதையோ தட்டினாள், அந்த இடத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போகச் சொன்னாள். கோடு மறுபடி ஊர்ந்தது.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு நகல் முடிந்தது. பதினேழு ஜாதகம் மட்டும் வரவில்லை. பட்டியலை அவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இவங்கள்ல பதினொரு பேருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. இந்த ரெண்டு பேரும் அவங்களே முடிச்சுக்கிட்டு ஓடிப்போயிட்டாங்க, என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க. மிச்சம் நாலு. நேர்ல போயி எழுதிக்கலாமுங்க.” மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். “பூரணி இதுல இல்லீங்க.”

“இல்ல. பத்திரமா இருக்கு.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாம்பல் நிற டிஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டு, ஜெய்ப்பூர்க்காரரைப் பெயர் தெரியாத குறையோடேயே நன்றாகத் திட்டினார்.

மரகதம் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய டிஸ்க்கை மறுபடி ஓடவிட்டாள். அது ஒரு தடவை டிக் என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். எடுத்தாள்.

“போயிருச்சு” என்றாள்.

“போயிருச்சுங்களா?”

“ம்.”

அவினாசியப்பன் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார். நல்ல டிஸ்க், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது என்று சொன்னார். ராமாத்தாளுக்குப் போன் போட்டு எல்லாம் கிடைத்துவிட்டது என்றார். பதினேழு என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு சாம்பல் நிற டிஸ்க்கைத் துண்டில் சுற்றினார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் கை நின்றது.

“குருவே.”

“சொல்லுங்க.”

“இதைக் கொண்டுபோயிப் பெட்டியில போட்டா, இது ஒண்ணுதானுங்களே இருக்கும்?”

“ஆமா.”

“பக்கத்து எடம் காலிதானுங்களே?”

“காலிதான்.”

“அப்ப ஜாதகமெல்லாம் மறுபடி ஒத்தை டிஸ்க்குல.”

“ஆமா.”

அவினாசியப்பன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத ஒன்றும் இல்லாததால், வராத பதினேழு பேரின் பட்டியலைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பெயர், பிறந்த நாடு, வயது, நிறம் என்று வரிசையாக எழுதிக் கோடு போட்டார். கோடு போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தாய்லாந்து, சாம்பல் நெறம், நாலு டெரா, ஜாதகம் இல்ல. இதுக்கு எதுங்க குருவே பொருத்தமா இருக்கும்?”

மரகதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“டிஸ்க் கடையை எட்டு மணிக்குச் சாத்திருவாங்க” என்றாள்.